உங்கள் தம்பி திறக்கப் பார்த்த பாட்டில்

என் வீட்டுக்காரரின் ஒரே அக்காவும், இந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டது அத்தனையையும் இருந்த இடத்திலிருந்தே தொலைபேசியில் நடத்திக் கொடுப்பவருமான அண்ணிக்கு, தம்பி மனைவி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் தம்பியும் சௌக்கியம், வலது கை கட்டைவிரல் நீங்கலாக. அங்கே நீங்களும் அண்ணனும் இந்த வெயிலுக்கு ஈடுகொடுத்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. நீங்கள் நன்றாக இருந்தால்தானே எங்களுக்கு யோசனை சொல்ல முடியும்.

நம் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் வந்துபோன விஷயத்தை நீங்கள் தொலைபேசியில் விசாரித்தபோது உங்கள் தம்பி, "எல்லாம் ஜோரா முடிஞ்சுது" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அதில் பொய் என்று சொல்ல முடியாது. எல்லாம் என்றது சரி. முடிஞ்சுது என்றதும் சரி. நடுவில் ஒரு சொல் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அந்த ஒரு சொல்லை நம்பி, கல்யாணத்திலும் உங்கள் தம்பியே முன்னின்று வந்தவர்களுக்கெல்லாம் நுரை ஒயின் ஊற்ற வேண்டும் என்று நீங்கள் அவரைக் கிளப்பிவிட்டிருப்பதாக இப்போதுதான் தெரிந்தது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆகாது என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

ஆரம்பம் உங்களுக்கே தெரியும், ஆரம்பித்து வைத்தவரே நீங்கள்தான். பையனின் அம்மா ஒரு பெரிய ஹோட்டலில் விருந்து மண்டபத்துக்கு மேலாளர் என்றும், பரிமாறும் வேலையில் சேர்ந்து படிப்படியாக அந்த நாற்காலிக்கு வந்தவர் என்றும், பையனை ஒண்டியாகவே வளர்த்து ஆளாக்கியவர் என்றும் மகள் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வெயில் காலத்துல அவங்க மண்டபத்துல ஸ்பார்க்ளிங் ஒயின்தான் நிறையப் போகுமாம்பா" என்று ஒரு பேச்சுக்குச் சேர்த்துச் சொல்லிவைத்தாள். மண்டபத்தில் போகும் என்று அவள் சொன்னது உங்கள் தம்பி காதில் அந்த அம்மாள் தொண்டையில் போகும் என்று விழுந்தது. உடனே உங்களுக்குத் தொலைபேசி. நீங்களும் எப்போதோ எங்கேயோ ஒரு வரவேற்பில் ஒரு கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அனுபவத்தை வைத்து, அப்படிப்பட்ட மனுஷிக்கு வெறும் ஜூஸைக் கொடுத்தால் குடும்பத்துக்கே தலைகுனிவு, ஒரு ஷாம்பெயினைத் திறந்து நீட்டு, பேச்சு தானாக முடியும் என்று சொல்லிவிட்டீர்கள். வாழ்நாளெல்லாம் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகு சோதிக்க ஒன்றும் கிடைக்காமல் என்னைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் நீங்கள் ஒரு பாட்டிலைக் கொடுத்தீர்கள்.

கடைக்கு நானும் கூடப் போனேன். போகாமல் இருந்திருந்தால் இன்னொரு விதமாக முடிந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை, இருந்தாலும் போனேன். உள்ளே நுழைந்ததும் உங்கள் தம்பி ஷாம்பெயின் கேட்டார். கடைக்காரர் பொறுமையான மனிதர். குறிப்பிட்ட ஒரு வட்டாரத்தில் பிறந்தால்தான் அதற்கு ஷாம்பெயின் என்று பெயர், மற்ற இடத்தில் பிறந்தவை எல்லாம் ஸ்பார்க்ளிங் ஒயின்தான், ஆனால் அதிலும் நல்ல சரக்கு உண்டு, வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று விளக்கினார். பிறப்பை வைத்து மதிப்புப் போடும் பழக்கம் பாட்டிலிலும் இருக்கிறது என்று தெரிந்ததில் உங்கள் தம்பிக்கு ஏனோ ஒரு மரியாதை வந்துவிட்டது. அடுத்தபடியாகக் கடைக்காரர், ட்ரையாக வேண்டுமா, இனிப்பாக வேண்டுமா என்று கேட்டார். ட்ரை என்றால் உலர்ந்தது. தண்ணியாக இருக்கும் ஒன்று எப்படி உலர்ந்திருக்கும் என்று உங்கள் தம்பி கேட்க, இனிப்புக் குறைவு என்பதைத்தான் அப்படிச் சொல்வோம் என்று அவர் சொல்லி, வரிசையாக மூன்று பாட்டில்களைக் காட்டினார். ஒன்றில் ட்ரை. ஒன்றில் எக்ஸ்ட்ரா ட்ரை. ஒன்றில் ப்ரூட். பேரைக் கேட்டாலே ஏதோ முரடனைக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது, சம்பந்தம் பேசும் வீட்டில் முரடன் எதற்கு என்று ப்ரூட்டை உங்கள் தம்பி ஒதுக்கிவிட்டார். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உங்கள் தம்பி எக்ஸ்ட்ரா என்று போட்டிருப்பதை இரண்டு எடுத்துவிட்டார். எக்ஸ்ட்ரா என்று போட்டிருந்தால் அதைவிட மேலே எதுவும் இருக்க முடியாது என்பது அவர் கட்சி. இரண்டு எதற்கு என்றால், ஒன்று வெள்ளோட்டத்துக்கு. சோதிக்காமல் எதையும் பொதுமக்கள் உபயோகத்துக்கு விட முடியாதாம்.

வெள்ளோட்டம் குளியலறையில் நடந்தது. பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மூன்று மடங்கு என்று எங்கோ படித்துவிட்டார், படித்ததிலிருந்து அதைப் பாட்டில் என்றே சொல்லவில்லை, கொதிகலன் என்றார். வீட்டில் நான்கு பக்கமும் சுவர் நெருங்கி நிற்கும் ஒரே இடம் குளியலறைதான் என்று பழைய தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போய்த் தாழிட்டார். ஸ்கூட்டரில் வேகத்தடை வேகத்தடையாகக் குலுக்கிக்கொண்டு வந்த பாட்டில், வெயிலில் காய்ந்து வந்த பாட்டில், குளிரவைக்காத பாட்டில். கார்க்கைச் சுற்றியிருந்த கம்பியை அவிழ்க்கும்போது கட்டைவிரலைக் கார்க்கின்மேலே அழுத்தி வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அதன்படி வைத்திருக்கிறார். விதி சரிதான், விரல்தான் போதவில்லை. வெளியே நான் சமையலறையில் நின்றிருந்தேன். முதலில் ஒரு வெடி, அப்புறம் கண்ணாடி உடையும் சத்தம், அப்புறம் ரொம்ப நேரம் தண்ணீர் ஓடுவதுபோல் ஒரு சத்தம், கடைசியில் உள்ளேயிருந்து நிதானமாக, "ஒண்ணும் இல்ல, பயப்படாதே. வேலை செய்யுது" என்று குரல் வந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி போயிற்று. விரல் இளநீலத்தில் வீங்கிப்போயிற்று. பாட்டிலில் இருந்தது முக்கால்வாசி வடிகாலில் போயிற்று. மறுநாள் காலை குளியலறை முழுக்க எறும்பு. எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் தட்டியது, அண்ணி. இனிப்பில்லாத ஒன்றைத் தேடி இத்தனை எறும்பு எதற்கு வருகிறது? கடைக்குத் தொலைபேசி செய்து கேட்டேன். எக்ஸ்ட்ரா ட்ரை என்பது ப்ரூட்டைவிட இனிப்பு அதிகம், அதைத்தான் சொல்ல வந்தேன், சார் கேட்கவில்லை என்றார் கடைக்காரர். இதை உங்கள் தம்பியிடம் சொன்னேன். எறும்புக்கு என்ன தெரியும் என்றார்.

கட்டைவிரலுக்குக் கட்டுப் போட்ட கையோடு, நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு தப்பு நடந்தது. நான் கண் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள், வாய் சும்மா இருக்குமா, டாக்டரிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கார்க் கண்ணில் பட்டு வந்த ஆட்களைத் தாம் பார்த்திருப்பதாகவும், விரலோடு போனது நல்லகாலம் என்றும் சொல்லி, கண்புரை ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கொடுப்போமே, பக்கமெல்லாம் மூடிய கறுப்புக் கண்ணாடி, அதில் சிலவற்றை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். உங்கள் தம்பி ஒருவருக்குத்தான் என்று நினைத்து வாங்கிவந்தேன். அவரிடம் கொடுத்தபோது அவர் முகத்தில் வந்த திருப்தியைப் பார்த்திருக்க வேண்டும். எண்ணிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் வரும் என்றார்.

அவர்கள் வந்தது நல்ல வெயிலில், மதியச் சாப்பாட்டுக்கு. ஒயினைப் பனிக்கட்டியும் தண்ணீரும் பாதிப்பாதி கலந்த வாளியில் கழுத்துவரை முக்கி வைக்க வேண்டும் என்பது உங்கள் தம்பி எங்கோ கற்ற பாடம். எங்கள் ஃப்ரிட்ஜ் இந்த வெயிலில் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளவே திணறுகிறது, பனிக்கட்டிக்கு எங்கே போவது? காலையில் பையோடு கிளம்பிப்போய்ப் பெரிய பாளமாகக் கொண்டுவந்துவிட்டார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டதற்குச் சந்தையில் என்றார். சந்தையில் எந்தப் பக்கம் என்று கேட்கத் தோன்றவில்லை. பத்து நிமிஷத்தில் கேட்கவே வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது, கூடம் முழுக்க மீன் வாடை. மாடிவீட்டுப் பூனை இறங்கி வந்து, வாளிக்கு எதிரே உட்கார்ந்து, முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. துரத்தினால் எழுந்துபோய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அங்கேயே உட்கார்ந்தது. ஊதுபத்தி கொளுத்தலாம் என்றேன், ஒயினின் மணம் கெட்டுவிடும் என்று தடுத்துவிட்டார். இதற்கிடையில் தண்ணீரில் ஊறிப் பாட்டிலின் லேபிள் கழன்று மிதந்தது. விருந்தாளிக்கு லேபிளைக் காட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்பது இன்னொரு விதியாம், ஆகவே துடைத்து, இஸ்திரிப் பெட்டியால் காயவைத்து, செல்லோடேப் போட்டு ஒட்டினார். தலைகீழாக ஒட்டினார்.

கோப்பை விஷயத்தில் மட்டும் நான் தலையிட்டேன், அது என் தப்பு. நீளமாக, ஒடுக்கமாக இருந்தால் குமிழி நின்று விளையாடும் என்று ஐஸ்கிரீம் கடைக்காரரிடமிருந்து உயரமான கோப்பைகளை இரவல் வாங்கி வந்திருந்தார். அதில் ஒட்டியிருந்த பிசுக்கைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. எலுமிச்சை வாசனை சோப்பு போட்டுத் தேய்த்து, அலசியும் அலசாமலும் பளபளவென்று துடைத்து வைத்தேன். சோப்புப் பட்ட கோப்பையில் இந்த ஒயின் குமிழியே விடாது என்பது எனக்கு யார் சொன்னார்கள்? நீங்களாவது சொல்லியிருக்கலாம்.

பையன் நல்ல பையன், அவனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவனுக்குப் பின்னால் அவன் அம்மா உள்ளே வந்தார். நிமிர்ந்த நடை, இஸ்திரி கலையாத உடை. உட்கார்ந்தவர் கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டார். கைப்பையைக் கீழே வைக்காத விருந்தாளி எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிறேன். அவர் இந்தச் சம்பந்தத்துக்கு இன்னும் சம்மதிக்கவில்லை, பையன் வற்புறுத்தியதற்காகத்தான் வருகிறார் என்று மகள் என்னிடம் மட்டும் முந்தின நாள் சொல்லியிருந்தாள், சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. உங்கள் தம்பியிடம் அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னொரு பாட்டில் வாங்கியிருப்பார். அந்த அம்மாள் வாளியைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார், மூக்கு லேசாக ஒரு தடவை விரிந்தது, முகம் மாறவில்லை. பெரிய ஹோட்டல்களில் முகத்தை அப்படி வைத்துக்கொள்ளச் சொல்லித் தருவார்கள் போலிருக்கிறது.

உங்கள் தம்பி முதலில் கறுப்புக் கண்ணாடிகளைத் தட்டில் வைத்து நீட்டினார். பாதுகாப்புக்கு, கார்க் வெளியே வரும்வரை யாரும் கழற்றக் கூடாது என்றார். மகள் என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். பையன்தான் முதலில் எடுத்து மாட்டிக்கொண்டான், அந்த நிமிஷத்தில் அவனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவன் அம்மாவும் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டார். நட்டநடுப் பகலில், ஜன்னலோரம் வெயில் கொளுத்த, ஐந்து பேர் கண் முகாமுக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பிறகு உங்கள் தம்பி பாட்டிலை எடுத்து லேபிளைக் காட்டினார். அந்த அம்மாள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கடைசிவரை படித்துவிட்டு, "நல்ல தேர்வு" என்றார்.

கம்பி சுலபமாக வந்தது. கார்க் வரவில்லை. கார்க்கைத் திருகக் கூடாது, கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத்தான் திருக வேண்டும், வெடிக்கக் கூடாது, பெருமூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம் வந்தால் போதும் என்று விளக்கம் சொல்லிக்கொண்டே திருகினார். அந்தக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு எப்படித் திருகுவது? பெருமூச்சு எல்லாம் அவரிடமிருந்துதான் வந்தது. பையன் எழுந்து, "நான் வேணா பாக்கறேன் மாமா" என்றான், விடவில்லை. துண்டைச் சுற்றிப் பார்த்தார், முழங்காலுக்கிடையில் வைத்துப் பார்த்தார். அந்த அம்மாளின் விரல்கள் கைப்பையின்மேல் மெல்ல அசைவதைக் கண்ணாடி இருட்டிலும் கவனித்தேன், ஒரு சின்னத் திருப்பு, மறுபடி ஒரு சின்னத் திருப்பு. தானே வாங்கித் திறந்துவிடத் துடிக்கிறார், மரியாதைக்காக அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. கடைசியில் உங்கள் தம்பி, கொஞ்சம் ஆறட்டும் என்று பாட்டிலை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆறுவதற்கு வைத்த இடம் வெயில் நேராக விழுகிற இடம். கார்க் வெளியே வராததால் கண்ணாடியைக் கழற்ற எங்களுக்கு அனுமதி இல்லை.

அப்படியே கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அந்த அம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் ஒண்ணு வெளிப்படையா சொல்லிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க. இவனுக்கு எதுலயும் அவசரம். இந்தக் கல்யாணப் பேச்ச..." என்றார். மகள் என் கையைப் பிடித்தாள். வரப்போவது என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, யாரும் தொடாமல், ஜன்னல் மேடையில் பாட்டில் வெடித்துத் திறந்துகொண்டது.

கார்க் நேரே போய் மின்விசிறி இறக்கையில் பட்டது, விசிறி அதை வாங்கி எதிர்ச் சுவருக்குத் திருப்பி அடித்தது. எதிர்ச் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், மாட்டச் சொன்னதும் நீங்கள்தான். நீங்கள் ஓய்வு பெற்றபோது கேடயம் வாங்கும் படம். கேடயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அண்ணி. கொடுப்பவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை உங்கள் தம்பி உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார், வேறு ஃப்ரேம் போட்டு வைத்துவிடலாம் என்று இருக்கிறார். நான் மறைத்துப் பழகாதவள், சொல்லிவிட்டேன்.

ஜன்னல் திரையெல்லாம் நுரை. பூனை எந்த வழியாகப் போயிற்று என்றே தெரியவில்லை. நான் துணி எடுக்க எழுந்தேன். ஆனால் உங்கள் தம்பியை அப்போது நான் பார்த்தேன், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. எழுந்து போனார். மீதி வழிந்துகொண்டிருந்த பாட்டிலை எடுத்து, துண்டால் அடிமுதல் நுனிவரை துடைத்தார். அந்தத் துண்டையே மடித்து முன்கையில் போட்டுக்கொண்டார். சட்டை முழங்கைவரை நனைந்து சொட்ட, கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு, நேரே அந்த அம்மாள் முன்னால் போய்க் குனிந்து, கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் மெதுவாக ஊற்றினார். கட்டுப் போட்ட கட்டைவிரல் மட்டும் தனியாக நிமிர்ந்து நின்றது. "மன்னிச்சுக்கங்கம்மா. சத்தம் வரக்கூடாதுன்னுதான் சொன்னாங்க, வந்துடுச்சு. முதல்ல நீங்க குடிங்க" என்றார். கோப்பையில் ஒரு குமிழி இல்லை. தேங்கிய தண்ணீர் மாதிரி நின்றது. அந்த அம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், வாங்கி ஒரு வாய் குடித்தார், எழுந்து சமையலறைப் பக்கம் போய்விட்டார். கைப்பையையும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றியிருந்தார், கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. நுரை தெறித்துவிட்டது என்று நினைத்து, "கசக்காதீங்க, கசக்காதீங்க, தண்ணி தரேன், கண்ண நல்லாத் தொறந்து காட்டுங்க" என்று என் ஆஸ்பத்திரிக் குரலில் அதட்டவே தொடங்கிவிட்டேன்.

"கண்ணுல ஒண்ணும் விழல" என்றார்.

பிறகு சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு, தொழிற்சாலையில் இயந்திரம் ஓடி நிற்பதுபோல் ஒரு தடவை மூச்சை விட்டுவிட்டுச் சொன்னார். "வேலைக்குச் சேந்த நாள்லேருந்து எத்தன ஆயிரம் பேருக்கு ஊத்தியிருப்பேன்னு எனக்கே தெரியாது. எத்தனையோ கல்யாணம், எத்தனையோ பேரோட நல்ல நாள். எனக்குன்னு ஒருத்தர் குனிஞ்சு ஊத்தினது இதுதான் மொத தடவ. நான் இதக் குடிக்கறதே இல்லீங்க. வேலை நேரத்துல குடிக்கக் கூடாது, வேலை முடிஞ்சா குடிக்கத் தோணாது."

கண் கழுவ எடுத்த தண்ணீரைக் கீழே வைத்தேன். நன்றாக இருந்ததா என்று கேட்டேன்.

"கண்றாவியா இருந்துச்சு" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை, லேபிள் தலைகீழாக இருந்தது, மீன் வாடை, பூனை, சோப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்து இரண்டு பேரும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அடங்கினதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்யாணத்தை இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போடச் சொல்லத்தான் வந்ததாகச் சொன்னார். பையன் தனிக்குடித்தனம் போய்விட்டால் வீட்டில் தான் மட்டும்தான், அதற்குத் தயாராக இல்லை, ஒரு வருஷத்தில் எப்படியாவது பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே, "இந்த வீட்டுக்கு அவன் வந்து போனா நல்லாத்தான் இருக்கும்" என்றார். கூடத்துக்குத் திரும்பி வந்தார், கைப்பையை நாற்காலிக்குக் கீழே வைத்தார், உங்கள் தம்பியைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இருந்தா ஊத்துங்க" என்று கோப்பையை நீட்டினார். மகள் அழுதாள். பையன் அவள் தோளைத் தொடலாமா வேண்டாமா என்று கையைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசிவரை அப்படியே நின்றான்.

இதுதான் ஜோராக நடந்தது. இதை எல்லாம் தன் கைப்பக்குவம் என்று உங்கள் தம்பி நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் நினைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் கல்யாணத்தில் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கி, உச்சிக் கோப்பையில் ஊற்றினால் கீழே வரை தானாக நிரம்பி வரும் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்ததிலிருந்து, மொட்டை மாடியில் வீட்டிலிருக்கும் எவர்சில்வர் டம்ளர்களை எல்லாம் அடுக்கிவைத்துக் குழாய்த் தண்ணீரை ஊற்றிப் பழகிக்கொண்டிருக்கிறார். விழும்போதெல்லாம் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து என்னிடம் கேட்கிறார். பாரம் எப்படிப் பிரிகிறது என்று மகளிடம் படம் போட்டுக் காட்டுகிறார். நேற்று அதை அடுக்குவதற்கு ஏணிவேறு கொண்டுவந்துவிட்டார், வயசு என்ன ஆகிறது, ஏணி ஏறுகிற வயசா? ஆகவே அண்ணி, கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். இனி இந்த ஒயின் சமாச்சாரத்தை அவரிடம் பேசாதீர்கள். அனுப்பாதீர்கள். நீங்கள் வரும்போது கையில் எடுத்துக்கொண்டும் வராதீர்கள். எனக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள், இருமல் மருந்தில் சோடா கலந்தமாதிரி இருந்தது, சோடாவும் போன பிறகு. இந்த வீட்டில் அது இனிமேல் வாசற்படி ஏறாது, கல்யாணத்தில் பழச்சாறுதான், அதையும் ஊற்ற ஆள் வைத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். நான் ஒரு முடிவு எடுத்தால் மாற்றுகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. அண்ணனை ரொம்பவும் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எங்கள் மகளுக்கு நிறைய வேண்டும். யோசனை கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
தம்பி மனைவி

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்று பிற்பகல் சம்பந்தியம்மா சொல்லாமல் கொள்ளாமல் தனியாக வந்தார். உங்கள் தம்பி ஓய்வு பெற்றவர்கள் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். வெயில் தாங்காமல் இரண்டு பேரும் பின்பக்க வராந்தாவில் குளிர்ந்த தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் பையிலிருந்து ஒன்றை எடுத்தார், ஈரத் துணி சுற்றி, முழுக்கக் குளிரவைத்து. இரண்டு விரலால் திருகினார், ஒரு சத்தம் வரவில்லை. அதற்குள் நான் பாட்டிலை வாங்கிக்கொண்டேன், அவருக்கு நான்தான் ஊற்றினேன், அவர் உட்கார்ந்தே இருந்தார். குமிழி கீழேயிருந்து மேலே சரம்சரமாக ஏறுகிறது, அண்ணி, பார்த்துக்கொண்டே இருக்கலாம். ரொம்ப நேரம் பார்த்தோம். பாட்டில் காலி. நான் ஒரு பாட்டு வேறு பாடினேனாம், அவர் சொல்கிறார். அடுத்த மாதம் நீங்கள் வரும்போது அந்த முரடன் பேர் போட்டதாகப் பார்த்து ஒன்று எடுத்து வாருங்கள். ஒன்று வேண்டாம், இரண்டாகவே எடுத்து வாருங்கள், நீங்களும் இருக்கிறீர்களே. உங்கள் தம்பியிடம் மட்டும் மூச்சுவிட வேண்டாம். தெரிந்தால் உதவிக்கு வந்துவிடுவார்.